முதலில் எங்கே போவது: ஆஸ்பத்திரியா, காவல் நிலையமா, 181-ஆ?

"எக்கா, மொதல்ல எங்க போவணும்?"

மகளிர் குழு வேலையில் இருந்த வருஷங்களில், பாலியல் வன்முறை நடந்த பிறகு இந்தக் கேள்வியோடு என்னைத் தேடி வந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். எல்லாருமே குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். முதலில் வந்தவள் வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவள். மகளுக்குப் பதினாறு வயது. ராத்திரி எட்டரைக்கு என் வீட்டுப் புறவாசலில் வந்து நின்றாள். எங்கள் ஊர் நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் நடுவில். கடைசி பஸ் போயிருந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. "பிள்ளையக் குளிக்க வச்சுத் தூங்க வை, காலைல பாத்துக்கிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். குளிக்கச் சொன்னதும் தப்பு, காலை வரை பொறுக்கச் சொன்னதும் தப்பு. அதற்கப்புறம் விசாரித்தும் கூடப் போயும் தெரிந்துகொண்டதை எல்லாம், இன்னொரு புறவாசலில் நிற்கிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பாலியல் வன்முறை நடந்த பிறகு நம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இருக்கிற வழிகள் நான்கு: அரசு ஆஸ்பத்திரி, காவல் நிலையம், மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையம், 181 என்ற பெண்கள் உதவி போன் எண். ஊர்க்கூட்டத்தை ஐந்தாவதாகச் சேர்ப்பவர்கள் உண்டு. அதை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். தண்ணீர் முறை, வரப்புத் தகராறு போன்றவற்றைப் பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும். இந்தக் குற்றத்தைச் சமாதானம் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமே கிடையாது. அபராதம் வாங்கிக் கொடுத்தாலும், அவனுக்கே கட்டிவைத்தாலும், குற்றம் அப்படியேதான் நிற்கும். பெண்ணுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால் கட்டிவைப்பது தனிக் குற்றம். பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை. இதை எல்லாம் விடப் பெரிய நஷ்டம், கூட்டம் கூடிக் கலைவதற்குள் போய்விடுகிற அந்த இரண்டு மூன்று நாள்.

நான்கில் முதலில் எது என்று கேட்டால் என் பதில் ஆஸ்பத்திரி. நடந்து மூன்று நாளைக்குள் என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி.

ஏனென்றால் மற்ற மூன்றும் காத்திருக்கும், உடம்பு காத்திருக்காது. கர்ப்பம் தரிக்காமல் இருப்பதற்கான மாத்திரை எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு பலன் தரும். 72 மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது, அதிகபட்சம் 120 மணி நேரம். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க ஒரு மருந்து இருக்கிறது. அதை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால் எந்த வழக்கும் எந்த நஷ்டஈடும் அதைத் திரும்பக் கொண்டுவராது. உடம்பிலிருந்து தடயம் எடுப்பதையும் 96 மணி நேரம் வரை செய்கிறார்கள். மணி ஆக ஆக அது குறைந்துகொண்டே போகும். அதனால்தான் குளிக்க வேண்டாம், துணி துவைக்க வேண்டாம் என்பது. மாற்றிய துணியை பிளாஸ்டிக் பையில் கட்டாமல், ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே குளித்துவிட்டாளா? பரவாயில்லை, போகலாம். துணியிலும் காயங்களிலும் இன்னும் எவ்வளவோ இருக்கும். என் பேச்சைக் கேட்டுக் குளித்த அந்தப் பிள்ளையையும் அடுத்த நாள் டாக்டர் பார்த்தார், திருப்பி அனுப்பவில்லை.

"போலீஸ் சீட்டு இல்லாம டாக்டர் பாப்பாரா?" என்பது எல்லாரும் கேட்கிற அடுத்த கேள்வி. பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 397-ஆவது பிரிவு, அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டுமே உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. மறுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 200-ஆவது பிரிவில் ஓராண்டு வரை தண்டனை இருக்கிறது. பதினெட்டுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வழக்கு பதிவாவதற்கு முன்பே பரிசோதிக்கலாம் என்று போக்சோ சட்டமே சொல்கிறது. பெண் பிள்ளை என்றால் பரிசோதிப்பவர் பெண் டாக்டராக இருக்க வேண்டும். இரு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் மறுபடி 2022-லும் சொல்லியாயிற்று. யாராவது அதற்குக் கை வைத்தால் "வேண்டாம்" என்று சொல்லலாம். எந்தப் பரிசோதனையும் அவளுடைய சம்மதத்தோடுதான். தடயம் எடுக்க வேண்டாம், மருந்து மட்டும் போதும் என்று அவள் சொன்னாலும் மருந்து கொடுத்தாக வேண்டும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குத் தெரியாமல் முடித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. அதே 397-ஆவது பிரிவு போலீசுக்குத் தகவல் தரவும் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்ற பதிவு போடுவார்கள், தகவல் காவல் நிலையத்துக்குப் போகும், ஒரு காவலர் வந்து கேட்பார். பதினெட்டு நிறைந்தவளாக இருந்தால் "இப்போதைக்குப் புகார் சொல்ல எனக்கு மனசில்லை" என்று அவள் சொல்லலாம். அதையும் டாக்டர் எழுதிவைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் அந்தத் தேர்வு கிடையாது, வழக்கு வரும். இது முன்கூட்டியே தெரிந்தால் ஆஸ்பத்திரி வாசலில் காக்கிச்சட்டையைப் பார்த்துப் பயந்து திரும்பி வர மாட்டார்கள். அப்படித் திரும்பி வந்த ஒரு தாயையும் மகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எந்த ஆஸ்பத்திரி? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா நமக்குத் தெரிந்தவர், ஆறுதலாக இருக்கும். முதலுதவிக்கும் கர்ப்பத்தடை மாத்திரைக்கும் அங்கே போகலாம். ஆனால் தெரிந்தவர் என்பதே சிலருக்குப் போகக் கூச்சமாகிவிடும். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் போன்ற ஊர்களின் அரசு ஆஸ்பத்திரிகளில் ராத்திரி நேரம் பெண் டாக்டர் இருப்பார் என்று நம்பிப் போக முடியாது, ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. என்னைக் கேட்டால், போக வசதி இருந்தால் நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்பதால் எந்நேரமும் மகப்பேறு டாக்டர்கள் இருப்பார்கள், எச்.ஐ.வி. மருந்துக்கான ஏ.ஆர்.டி. மையமும் அங்கேயே இருக்கிறது. தென்காசிப் பக்கத்தார்க்குத் தென்காசி மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி. கூடங்குளம், ராதாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு நாகர்கோவில் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிதான் கிட்டம். மாவட்டம் மாறிப் போகலாமா என்று தயங்க வேண்டாம். எந்த மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கும் இதே கடமைதான். ஊரில் யார் கண்ணிலும் படாமல் போய்வருவதற்குக்கூட மாவட்டம் தாண்டுவது சிலருக்கு வசதி.

போக்குவரத்துதான் கிராமத்தின் பெரிய மதில். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் 2021 முதல் ஓடுகிறது, ஆனால் அது சாதாரண நகரப் பேருந்தில் மட்டும். களக்காட்டிலிருந்து திருநெல்வேலிக்கு வெளியூர் பஸ் என்றால் டிக்கெட் எடுக்க வேண்டும். கையில் காசில்லாமல், கணவனிடம் காரணம் சொல்லாமல் ஒரு பெண் கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ராத்திரி என்றால் 108. காசு கிடையாது. என்ன நடந்தது என்று ஊருக்குக் கேட்க விவரிக்க வேண்டியதில்லை. "பிள்ளைக்கு ரொம்ப முடியல, ரத்தப்போக்கு இருக்கு" என்று உள்ளதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், மீதியை வண்டியில் இருக்கிற பணியாளரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து காவல் நிலையம். குற்றவாளி பக்கத்திலேயே சுற்றுகிறான், மிரட்டுகிறான், பெண்ணைத் திரும்பத் தொடுவான் என்ற பயம் இருந்தால் இதுவே முதல். அப்போது அவசர எண் 112-க்கு அடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடி.

உள்ளூர் காவல் நிலையமா, அனைத்து மகளிர் காவல் நிலையமா? தமிழ்நாட்டில் மகளிர் நிலையங்கள் 1992-இல் தொடங்கின, நம் பக்கம் அம்பாசமுத்திரம், வள்ளியூர் மாதிரி ஊர்களில் இருக்கின்றன. பெண் அதிகாரியிடம் வாய் திறப்பது எளிது, உண்மைதான். ஆனால் அங்கே குடும்பத் தகராறு மனுக்களே குவிவதால், இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசலாம் என்ற பழக்கம் சில இடங்களில் இந்தக் குற்றத்துக்கும் நீண்டுவிடுகிறது. ஒரு நிலையத்தில் எங்களை ஒரு பகல் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்து, சாயங்காலம் கையில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை. இந்த வித்தியாசம் தெரியாமல், "கேஸ் போட்டாச்சு" என்று நம்பி மாசக்கணக்கில் காத்திருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துப் பாருங்கள்.

"இது எங்க எல்லைக்குள்ள வராது" என்றும் சொல்ல முடியாது. அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும், பிறகு அவர்களே உரிய நிலையத்துக்கு மாற்றுவார்கள். திருப்பூர் மில்லில் வேலை பார்த்த இடத்தில் நடந்தது என்றாலும் நாங்குநேரியில் கொடுக்கலாம். மின்னஞ்சல் மாதிரி வழிகளில் அனுப்பிவிட்டு மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்துப் போடவும் அதே பிரிவில் இடம் உண்டு. இத்தகைய புகாரை எழுதிக்கொள்ள மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்று நியாய சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வாக்குமூலத்துக்குப் பெண் நிலையத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. அவள் வீட்டிலோ அவள் சொல்கிற இடத்திலோ வந்து பெண் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். பதினெட்டு நிறையாத பிள்ளை என்றால் சீருடை இல்லாமல் வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்களே என்றால் சித்தி வீடு, பாட்டி வீடு என்று வேறு ஊரைச் சொல்லலாம்.

"பேப்பர்ல வந்துராதா?" என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. பெயரையோ அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிட்டால் நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுபவனுக்கும் இது பொருந்தும்.

நம் சீமையில் சாதியைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பெண் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, செய்தவன் அப்படி இல்லை என்றால், முதல் புகாரிலேயே அதை எழுதச் சொல்ல வேண்டும். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். விசாரணை டி.எஸ்.பி. நிலை அதிகாரிக்குப் போகும், அவனுக்கு முன்ஜாமீன் கிடைப்பது கடினம், அரசின் நிவாரணத் தொகையும் தனியாக வரும். "சாதிப் பேச்சு எதுக்கு, பிரச்சினை பெரிசாகும்" என்று யாராவது அக்கறையாகச் சொல்வார்கள். அந்த அக்கறை யாருக்கானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, சகி என்கிற ஒருங்கிணைந்த சேவை மையம். 2015-இல் வந்த திட்டம். மனநல ஆலோசனை, சட்ட உதவி, போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணைக்கு ஆள், ஐந்து நாள் வரை தங்க இடம், எல்லாம் ஒரே கூரைக்கடியில். நினைத்தது நல்ல நினைப்பு. ஆனால் அது இருப்பது மாவட்டத் தலைநகரில். உவரிக் கடற்கரையிலிருந்தோ திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்தோ அவ்வளவு தூரம் பஸ் மாறி வந்து, அங்கிருந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள் என்றால், முதல் மூன்று நாளில் அது ஒரு சுற்று வழி. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, மையத்தின் ஆளை அங்கே வரச் சொல்வதே மேல்.

வீட்டுக்குத் திரும்ப முடியாத பெண்ணுக்கு மட்டும் கணக்கு மாறும். செய்தவன் சித்தப்பனோ கொழுந்தனோ மாமனாரோ என்றால், ஆஸ்பத்திரி முடிந்து அவள் எங்கே படுப்பாள்? அப்போது இந்த மையம்தான் வாசல். கணவனே கட்டாயப்படுத்துகிறான் என்றாலும் அப்படியே. பதினெட்டு நிறைந்த மனைவி விஷயத்தில் அதைப் பாலியல் வன்புணர்வு என்று நம் சட்டம் இன்னும் ஏற்கவில்லை. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. ஆனால் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமை என்று வெளிப்படையாகவே இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் வழியாக நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும், அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். அந்தப் பாதைக்கு முதல் படி மையம், காவல் நிலையம் அல்ல.

181-ஐ நான் தனி வழியாகப் பார்ப்பதில்லை, மற்ற மூன்றுக்கும் கைவிளக்காகப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு பிடிக்காது. பிள்ளைகளுக்கு 1098. எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பார்க்க, மையத்திலிருந்து ஆள் வருமா என்று பஸ்ஸில் போகும்போதே கேட்டுவிடலாம். அன்று ராத்திரி என் கையில் இந்த எண் இருந்திருந்தால் அந்தத் தாயை வெறுங்கையோடு அனுப்பியிருக்க மாட்டேன். குறை என்னவென்றால், நம் வீடுகளில் போன் பெரும்பாலும் ஆம்பிளை கையில். பெண்ணுக்கென்று ஒன்று இருந்தாலும் யாருக்குப் பேசினாள் என்று எடுத்துப் பார்ப்பார்கள். காரையாறு, மாஞ்சோலை மாதிரி மலையில் சிக்னலும் சரியாக இருக்காது. அங்கன்வாடி டீச்சர், பீடிக்கடைக்குக் கூட வரும் மதினி, சுகாதார நர்ஸ் என்று யாராவது ஒருவருடைய போனிலிருந்து பேசுவது பத்திரம்.

நாள் கழித்து வெளியே சொல்கிறவர்களே அதிகம். ஒரு மாதம், ஆறு மாதம், சில பேர் வருஷக்கணக்கில். அவர்களுக்கு என் வரிசை வேறு. மாதவிலக்கு தள்ளியிருந்தால் அப்போதும் ஆஸ்பத்திரிதான் முதல். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, வன்புணர்வால் உண்டான கர்ப்பத்தை 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது, 20 வாரத்துக்கு மேல் இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும். 24 தாண்டினால் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். அதற்குள் ஒவ்வொரு வாரமும் போராட்டம். கர்ப்பம் இல்லை என்றால் அவசரம் இல்லை. முதலில் 181-லோ மையத்திலோ ஆலோசகரிடம் மனம் விட்டுப் பேசட்டும், பிறகு இலவச வக்கீல் தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு, பிறகு காவல் நிலையம். தாமதமாகக் கொடுத்த புகார் என்பதற்காக வழக்கு செத்துவிடாது, தாமதத்துக்கு என்ன காரணமோ அதைப் புகாரிலேயே எழுதினால் போதும். வேலை செய்யும் இடத்தில் நடந்த சீண்டல் என்றால் மட்டும் நாளை எண்ண வேண்டும். செங்கல் சூளை, பீடிக்கடை, வீட்டு வேலை எதுவானாலும் மாவட்டத்தில் உள்ள உள்ளூர் புகார் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும்.

வக்கீலுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானம் எவ்வளவு என்றாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். எண் 15100. தாலுகா நீதிமன்றங்களிலும் அதன் குழு உண்டு. நஷ்டஈட்டுக்கு மனுவும் அங்கேதான். 2018 திட்டப்படி வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் வரை. தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்காலத் தொகை கேட்கலாம். யாரும் தானாகக் கொண்டுவந்து தர மாட்டார்கள், எழுதிக் கேட்க வேண்டும்.

நான் கூடப் போனவர்களில் முதல் தடவை போகாமல் இருந்தவர்கள் குறைவு. இரண்டாம் முறைதான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். 28 நாள் மாத்திரையில் பத்தாம் நாள் குமட்டலுக்குப் பயந்து நிறுத்துவார்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ரத்தம் திரும்பப் பரிசோதிக்க வேண்டும், அதற்குள் நாற்று நடவு வந்துவிடும், பீடிச்சுற்று பாக்கி இருக்கும், பஸ்ஸுக்குக் காசிருக்காது. மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலத்துக்குக் கூப்பிடுகிற நாளில் வீட்டில் யாரும் கூட வர மாட்டார்கள். அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை விஷயத்தில் நாங்கள் குழுவில் நாலு பேர் தேதிகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். கோயில் காலண்டரில் பெயர் எழுதாமல் வட்டம் மட்டும் போட்டு வைத்தோம். யாருடைய முறையோ அவர் அதிகாலைப் பஸ்ஸில் அந்தத் தாயோடும் மகளோடும் ஏறுவார், கையில் தண்ணீர் பாட்டிலும் இட்லிப் பொட்டலமும் இருக்கும். ஆறாம் மாத வட்டம் என்னுடையது. அன்று வள்ளியூர்க்காரி ஒருத்தியும் அதே வரிசையில் தனியாக நின்றாள். எங்களோடு உட்கார வைத்துக்கொண்டோம்.